மீன் களிசான் காய்ந்த கதை

எங்கள் துரைக்கு மனிதர்கள்மேல் எவ்வளவு அக்கறை இருந்தது என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவருடைய மீன் களிசான்மேல் அவருக்கு இருந்த அக்கறையை மட்டும் நேரில் கண்டவள் நான். ஹல்துமுல்லைக்கு மேலே, மேகம் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மனம் வராத ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் துரையாக இருந்தார். என் அப்பா அவருடைய பங்களாவில் வேலைக்காரர். பதுளைக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது இருக்கும்.

மீன் களிசான் என்பது சீமையிலிருந்து கப்பலில் வந்த உருப்படி. துணிமேல் ரப்பர் பூசி, கால்விரல் முதல் நெஞ்சுவரை ஒரே உறையாகத் தைத்திருப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு இடுப்பளவு ஆற்றில் நின்றாலும் உடம்பு நனையாது. ஒஹியாவுக்கு மேலே இருக்கும் குளிர்ந்த ஆறுகளில் வெள்ளைக்காரர்கள் சீமை மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். தங்கள் ஊர் மீனை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, பிறகு அதைப் பிடிப்பதற்கு மலை ஏறுவது அவர்களுடைய விளையாட்டு. நம்மையும் அப்படிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்டவர்கள்தானே என்று அப்பா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

துரை ஆற்றிலிருந்து திரும்பியதும் அப்பாவின் வேலை தொடங்கும். முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் சேறும் பாசியும் போகக் கழுவ வேண்டும். சவர்க்காரம் கூடாது. பிறகு உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, அட்டை ஏதாவது ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். கால்களுக்குள் காய்ந்த மானாப்புல்லைத் திணித்து, பாதம் மேலே இருக்கும்படி சாமான் அறை உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். நெருப்புப் பக்கம் கொண்டுபோனால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்டாலும் கெட்டது, மடித்து வைத்தாலும் கெட்டது. உள்ளே துளி ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துத் துணி வேறு ரப்பர் வேறாகக் கழன்றுவிடும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தகர டப்பாவிலிருந்து வெள்ளை மாவை எடுத்துத் தடவ வேண்டும். நான் பிறந்தபோது எனக்குக்கூட இவ்வளவு பக்குவம் பார்த்திருக்கமாட்டார்கள்.

அப்பாவுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஒரு மழைநாளில் களிசானைச் சமையலறை அடுப்புக்கு மேலே கட்டிவிட்டார். காலையில் பார்த்தால் இரண்டு காலும் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததாம். அன்றைக்கே அவரை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். மலை என்றால் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து, வாய்க்கால் தோண்டும் கான் வெட்டு, புல் வெட்டு என்று மழையிலும் பனியிலும் நின்று செய்கிற வேலை. அப்பா அதுவரை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். அவருக்கு இழுப்பு. இன்னொரு மழைக்காலம் மலையில் நின்றால் இந்த ஆள் தாங்கமாட்டான் என்று தோட்டத்து மருந்துக்காரர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் பங்களா வேலை கிடைத்தது. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தை விட்டுப் பங்களாவின் பின்பக்கத்து அறைக்கு வந்தோம். அறையில் ஒழுக்கு இல்லை. அப்பாவின் நெஞ்சு ஓரளவு அடங்கியது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தக் களிசானின் தயவில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் துரை ஆற்று மடுவில் வழுக்கி விழுந்தார். நெஞ்சுக்கு மேலே தண்ணீர் ஏறி, களிசானுக்குள் குடம் குடமாக நிறைந்துவிட்டது. பங்களாவுக்கு வந்து அதைப் பின்வாசலில் கழற்றிப் போட்டவர், வெள்ளிக்கிழமை ரயில் பாதை போடும் துரை விருந்துக்கு வருகிறார், மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் மீன்பிடிக்கப் போகிறோம், அவருக்கு இதுதான், தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எங்கள் துரைக்கென்று புதிதாக இன்னொன்று ஏற்கெனவே வந்திருந்தது. அப்பா களிசானைக் கழுவிப் புரட்டித் தொங்கவிட்டார். அன்று சாயந்திரமே காய்ச்சலில் விழுந்துவிட்டார்.

காய்ச்சல் என்று சொல்லி லீவு கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கு யாராவது கேட்கலாம். பங்களாவில் ஆள் படுத்தால் வேறு ஆளைப் போடுவார்கள். படுத்த ஆள் எழுந்து வரும்போது போட்ட ஆள் அங்கேயே இருப்பான். அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்து, அப்பாவுக்குக் காய்ச்சல் என்பது ஒரு குஞ்சுகுளுவானுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றாள். சமையல்கார அப்புவிடம் மட்டும் சொல்லிக் காலைப் பிடித்தாள். அவர் நல்ல மனிதர். மேசை வேலையை அவரே பார்த்துக்கொண்டார். மீன் களிசானைத் தொட அவருக்கும் தைரியம் இல்லை. ஆகவே அது அம்மாவின் தலையில் விழுந்தது.

மழை விடவில்லை. மானாப்புல் எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. கிடைத்ததைத் திணித்தால் அதுவே ஈரத்தை ஏற்றியது. அம்மா தன் பழைய சேலைகளைச் சுருட்டித் திணித்தாள், அப்பாவின் கம்பளியைத் திணித்தாள். எடுத்துப் பிழிந்தால் சொட்டியது. என் கை சின்னதாக இருந்ததால் பாதம்வரை விட்டுப் பார்க்கச் சொன்னாள். உள்ளே கிணற்றுக்குள் கை விட்டதுபோல் சில்லென்று இருந்தது. "காயலம்மா" என்றேன். பிறகும் பார்க்கச் சொன்னாள். பிறகும் காயவில்லை. உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கிய அந்த இரண்டு கால்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு அதைவிடப் பயம்.

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். அம்மா அங்கே காம்பு பொறுக்கும் பெண்களில் ஒருத்தி. காய்ந்த தேயிலையைத் திறந்து வைத்தால் டீமேக்கர், அதுதான் ஸ்டோரை நடத்துகிறவர், அடிக்காத குறையாகக் கத்துவார். தேயிலை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பதத்துப்போகும் என்பதுதான் அவருடைய பயம். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மூளை அம்மாவுடையது. காற்றில் இருக்கிற ஈரத்தையே குடிக்கிற தேயிலை, களிசானில் இருக்கிற ஈரத்தைக் குடிக்காதா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பங்களாவிலேயே ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. துரையின் சொந்தச் செலவுக்கு வந்த நல்ல இலை. சாவி அப்பாவிடம்தான். அதில் கை வைத்தால் அப்பாவின் பெயர் கெட்டுவிடும் என்று அம்மா அதைத் தொடவில்லை. ஸ்டோரில் சல்லடைகளுக்கு அடியில் பஞ்சும் தூளுமாக விழுவதைச் சாயந்திரம் கூட்டி அள்ளி எருக்குழியில் கொட்டிவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத குப்பை. ஆனால் குப்பையானாலும் ஸ்டோர் வாசலைத் தாண்டி ஒரு சிட்டிகை வெளியே போகக் கூடாது என்பது சட்டம். வேலை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அதற்கு முந்தின வருஷம் மடியில் தேயிலையோடு பிடிபட்ட ஒரு பெண்ணைப் பதுளைக்குக் கொண்டுபோய்க் கோர்ட்டில் நிறுத்தி, ஜெயிலில் போட்டார்கள். அவள் திரும்பி வரும்போது அவளுடைய கைக்குழந்தை அவளை அடையாளம் தெரியாமல் அழுதது. இதெல்லாம் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். எனக்கோ அந்தப் பெண் நல்ல தேயிலையைத் திருடினவள், இது எருக்குழிக் குப்பை. இரண்டையும் ஒன்றாக நினைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

என் தம்பி அப்போது பால்குடி. பால் கொடுக்கும் வேளைக்கு நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவேன். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து பால் கொடுத்து, துணியில் சுற்றித் திருப்பித் தருவாள். அன்று அவன் திரும்பி வந்தபோது முதுகுப்பக்கம் தடித்திருந்தான். துணி இரண்டு மடிப்பாக இருந்தது. நேராக வீட்டுக்குப் போ, யார் கூப்பிட்டாலும் நிற்காதே, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று எவனுக்காவது தெரிந்துவிடும் என்றாள் அம்மா. நானும் அதற்குத்தான் இந்த ஒளிவுமறைவு எல்லாம் என்று நம்பினேன்.

வாசலில் டீமேக்கர் நின்றார். முதல் தடவை அவர் எங்களைக் கவனிக்கவில்லை. அடுத்த தடவை கையை நீட்டி மறித்தார். "என்ன குட்டி, தம்பி திடீர்னு கனத்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே அவனைத் தூக்கக் கை கொடுத்தார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை மட்டும் நின்றுவிட்டது. தம்பி பிறந்ததிலிருந்து உருப்படியாகச் செய்த முதல் காரியம் அப்போது நடந்தது. டீமேக்கரின் வெள்ளைக் கோட்டுக் கைமேல் வெதுவெதுப்பாக மூத்திரம் பெய்தான். அவர் கையை உதறிவிட்டு, "போ போ, தூக்கிட்டுப் போ சனியன" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் தூளில் பாதி ஊறிப்போயிருந்தது. அதைத் தூர எறிய வேண்டியதாயிற்று.

சாயந்திரம் அம்மா மீதித் தூளைச் சேலைக் கிழிசல்களில் நீளநீளமாகப் பொட்டலம் கட்டி, களிசானின் கால்களுக்குள் பாதம்வரை இறக்கினாள். விடிந்து எடுத்தால் பொட்டலங்கள் கனத்திருந்தன. தூள் ஈரத்தைக் குடித்திருந்தது. அதைச் சட்டியில் போட்டு வறுத்து, ஆறவைத்து, மறுபடியும் கட்டி இறக்கினாள். வறுக்கும்போது எழுந்த வாசனை பங்களாவரை போயிருக்கும். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் தேயிலை வாசனையை யார் கவனிப்பார்கள்? காற்று, துணி, சோறு, தலைமுடி எல்லாவற்றிலும் அதுதான். எங்கள் மூக்குக்கு அது வாசனையாகவே படுவதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா சாமான் அறைக்குள் பொட்டலம் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் தம்பியோடு வெளியே காவல். எந்த வேளையிலும் அந்தப் பக்கம் வராத துரை அன்றைக்கு வந்துவிட்டார். கையில் பிரம்பு, பின்னால் நாய். "அப்பன் எங்கே?" என்று என்னைக் கேட்டார். கதவைக் கைகாட்டினேன். அவர் கதவில் கை வைத்துவிட்டார். அப்போது உள்ளேயிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. இழுத்து, நின்று, பிறகு தொடர்ந்து வரும் அதே இருமல். துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை எடுத்தார். அந்த இருமலுக்குப் பக்கத்தில் போக அவருக்குப் பிடிக்காது. "களிசான் காயுதா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். பதிலுக்கு இன்னொரு இருமல் வந்தது. சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கதவைத் திறந்து பார்த்தேன். அம்மா களிசானின் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதில் அந்த இருமலை அவள் நன்றாகவே கற்றிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை நான் கை விட்டுப் பார்த்தேன். பாதம், விரல்நுனி, தையல் எங்கேயும் ஈரம் இல்லை. அப்பாவுக்கும் காய்ச்சல் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். களிசானை இறக்கித் தடவிப் பார்த்தார். வெடிப்பு இல்லை, ஒட்டு இல்லை. அவர் முகம் மலர்ந்தது. எப்படிக் காயவைத்தாய் என்று கேட்டார். அம்மா மெதுவாகச் சொன்னாள். எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

அப்பா களிசானைத் திரும்பக் கையில் எடுத்தார். களிசானை உதறினார், துணியால் துடைத்தார், தையல்களைத் தூரிகையால் தேய்த்தார், வெள்ளை மாவைத் தடவினார். முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, அம்மாவிடமும் என்னிடமும் நீட்டினார். எங்களுக்கு ரப்பர் வாசனையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு அவர் செய்த காரியம் எனக்கு விளங்கவில்லை. பங்களாத் தேயிலைப் பெட்டியைத் திறந்து, நல்ல இலையில் கைகொள்ளும் மட்டும் அள்ளி அள்ளி எடுத்துப் பின்பக்கத்துக் கானில் கொட்டினார். மழைத்தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. காய்ச்சல் இன்னும் தலையில் இருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியலில் துரையும் விருந்தாளியும் முன்வாசலில் உட்கார்ந்து களிசான் மாட்டினார்கள். அப்பா பக்கத்தில் நின்றார். நான், அம்மா, அப்பு மூன்று பேரும் சமையலறைக் கதவருகே இருந்தோம். தம்பி அம்மாவின் இடுப்பில். ரயில் பாதைத் துரை கொழும்பிலிருந்து வந்த சிவந்த மனிதர். ஒரு காலை விட்டார். நின்றார். குனிந்து மோந்தார். பெரிதாகச் சிரித்து, தொடையில் தட்டி, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரையும் சிரித்தார். எங்கள் கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் அப்பு ஒருவர்தான். அவர் சின்னக் குரலில் சொன்னார்: "தேயிலைப் பெட்டிக்குள்ள கால விட்ட மாதிரி இருக்குதாம். ஆனா இந்த மழையில இப்புடிக் காஞ்ச களிசான அவரு பார்த்ததே இல்லையாம். யாரு காய வச்சாங்கன்னு கேக்குறாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தேன். அது களிசானின் உள்புறம் போலச் சில்லென்று இருந்தது.

துரை களிசானைக் கழற்றச் சொல்லி வாங்கித் தையல் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ஒரு சிட்டிகை தூள் உள்ளங்கையில் விழுந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"யார் காய வெச்சது?"

"நான்தாங்க தொரை" என்றார் அப்பா.

"தேயிலை?"

"பங்களாப் பெட்டியில எடுத்தேங்க. கேக்காம எடுத்தது தப்புத்தாங்க."

துரை பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். குறைந்திருந்தது. பிறகு உள்ளங்கையில் இருந்த தூளைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தேயிலையோடு கிடந்த மனிதருக்குப் பெட்டியில் இருக்கும் இலைக்கும் சல்லடைக்கடியில் விழும் பஞ்சுத்தூளுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும்? தலையைத் தூக்கிச் சமையலறைக் கதவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அவள் இடுப்பில் இருந்த தம்பியைப் பார்த்தார். விருந்தாளி நேரமாகிறது என்று கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். துரை அதற்குமேல் கேட்காமல் விட்டதற்குக் காரணம் இரக்கமா, மீன்பிடிக்க நேரமாகிவிட்டதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கையைத் தட்டித் தூளை உதிர்த்தார்.

"உனக்கு இனி பங்களா வேலை இல்லை. நாளைக்குப் பெரட்டுக்குப் போ" என்றார்.

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி மலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். அப்பா கும்பிட்டார். விருந்தாளி அதே களிசானை மாட்டிக்கொண்டு மீன்பிடிக்கப் போனார். அன்றைக்கு நிறைய மீன் கிடைத்ததாக அப்பு பிறகு சொன்னார்.

நாங்கள் அன்று மத்தியானமே லயத்துக்குத் திரும்பினோம். சாமான்களைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்கும்போது எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மழையென்றும் பாராமல் பாடுபட்டவள் அம்மா. புத்தி அம்மாவுடையது. இருமியதுகூட அம்மா. வெள்ளைக்காரர் வாய்விட்டுப் புகழ்ந்து யார் செய்தது என்று கேட்டபோது, பாயில் சுருண்டு படுத்திருந்த மனிதர் முந்திக்கொண்டு நான்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பொய்ச்சாட்சியாகத்தான் முதல் நாளே நல்ல தேயிலையை அள்ளிக் கொட்டியிருக்கிறார். மலைக்கு அனுப்பியது அந்தப் பொய்க்குக் கிடைத்த தண்டனை, சரியான தண்டனை.

மறுநாள் சாயந்திரம் அப்பா கவ்வாத்து மலையிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே வர நெடுநேரம் ஆயிற்று. அம்மா அவரை உட்காரவைத்து, தன் முந்தானையாலேயே தலையைத் துவட்டினாள். கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். விரலிடுக்குகளைக்கூட விடாமல் துடைத்தாள். நெஞ்சில் எண்ணெய் தேய்க்கும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "களிசானக் காய வச்சது நீதானேம்மா? ஏன் தொரைகிட்ட சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். வந்து என் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "இன்னொரு தரம் அந்தப் பேச்ச எடுத்த, நாக்க அறுத்துப்புடுவேன்" என்றாள். என்னை அப்படி அவள் பேசியதே இல்லை. பிறகு சட்டியில் இருந்த ரொட்டியில் பெரியதை எடுத்து, பிய்த்து, தேயிலைச் சாயத்தண்ணியில் நனைத்து அப்பாவுக்கு ஊட்டினாள். அவரும் குழந்தைபோல் வாங்கிக்கொண்டார்.

தன் பேரைப் பறித்துக்கொண்ட மனிதருக்கு ஊட்டிவிடுகிறாளே, அம்மாவுக்குச் சூடு சொரணையே கிடையாது என்று அன்று நான் முடிவு கட்டிவிட்டேன்.